கல்லாகத் திரும்பும் தண்ணீர்

மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தாயிற்று. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, வழிகுழாயில் கொட்டி, சுவரில் இறங்கி, வாசல் சிமென்ட் தரையில் பரவித் தெருவுக்கே போய்விட்டது. “தொட்டி நிரம்பி ஊத்துது, மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!” என்று எதிர்வீட்டு அக்கா குரல் கொடுத்த பிறகுதான் ஓட்டம். போர் தண்ணீர் புழங்கும் ஊர்களில் இது அன்றாடக் காட்சி. தண்ணீர் வடிந்துவிடும். அது போன பாதை மட்டும் சுவரிலும் தரையிலும் வெள்ளைக் கோடாக நின்றுவிடும்.

அந்தக் கோட்டைத் துடைப்பமும் சோப்புத்தூளும் கொண்டு தேய்த்தவர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம் இருக்கும். தேய்க்கத் தேய்க்கக் கறை மறையும். தரை புதுசாகிவிட்டது என்று கையைக் கழுவி, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால், அதே இடத்தில் அதே வடிவத்தில் உட்கார்ந்திருக்கும். யாரும் மறுபடி கொண்டுவந்து வைக்கவில்லை. அது போகவே இல்லை, ஈரத்துக்குள் ஒளிந்திருந்தது.

ஒளிந்த விதம் அழகானது. அந்தக் கறை கால்சைட் என்னும் படிகத்தால் ஆனது; அதற்கு வெள்ளை நிறமே கிடையாது. பெரிய கட்டியாகக் கிடைத்தால் கண்ணாடிபோல அதனூடே பார்க்கலாம். கற்கண்டை நினைத்துக்கொள்ளுங்கள். முழுசாக இருக்கும்போது பளிங்கு. மிக்ஸியில் அரைத்தால் வெள்ளைப் பொடி. சர்க்கரை மாறவில்லை. நுணுங்கிய ஒவ்வொரு துகளின் முகத்திலும் ஒளி பட்டுச் சிதறுகிறது. எல்லா நிறமும் கலந்து திரும்பி வருவதைக் கண் வெள்ளை என்கிறது. துகள்களுக்கு இடையே காற்று இருக்கும்வரை சிதறல் பலமாக இருக்கும். காற்றை விரட்டிவிட்டுத் தண்ணீர் புகுந்தால் ஒளி அவ்வளவு வளையாது. சிதறாமல் உள்ளே போய்விடும். வெள்ளை வேட்டி நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறதே, அதே கதை. ஆகவே ஈரத்தரையைப் பார்த்துக் கறை போயிற்று என்று முடிவுகட்டக் கூடாது. காய்ந்த பிறகுதான் தீர்ப்பு.

கல் எப்படிக் குழாய்த் தண்ணீருக்குள் வந்தது? பள்ளிக்கூட ஆய்வகத்தில் நாம் எல்லோரும் அதைச் செய்து பார்த்திருக்கிறோம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினால் பால்போல் வெளுக்கும். ஆசிரியர் அத்தோடு நிறுத்தச் சொல்லிவிடுவார். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்த குறும்புக்காரனுக்கு இன்னொரு அதிசயம் கிடைத்திருக்கும்: பால் மறுபடி தெளிந்துவிடும். மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு முதலில் சுண்ணாம்பைக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக்குகிறது. வெளுப்பு அதுதான், கால்சைட்டும் அதுதான். மேலும் ஊதினால் அதே வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, வெண்பொடியைக் கால்சியம் பைகார்பனேட் என்ற கரையும் பொருளாக மாற்றுகிறது. இப்போது அந்தச் சோதனைக் குழாயைச் சூடாக்குங்கள். வாயு வெளியேறும், தண்ணீர் மறுபடி வெளுக்கும். வாசல் தரையில் நடப்பது முழுவதும் இந்த ஒரு குழாய்க்குள் அடங்கிவிட்டது.

இதை வெளியே பெரிய அளவில் நடத்துவது மழையும் மண்ணும். வானிலிருந்து இறங்கும்போது மழைத்துளி கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய சரக்கு மண்ணுக்குள் இருக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணின் இடுக்குகளில் இந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்கு. அந்த மூச்சை ஏந்திக்கொண்டு கீழே இறங்கும் தண்ணீர், வழியில் சுண்ணாம்புக் கல்லோ சுக்கான் கல்லோ அகப்பட்டால் கரைத்துக்கொள்கிறது. சுத்தமான தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் கால்சைட்டைத்தான் கரைக்கும். மண்ணின் மூச்சு கலந்தால் நூற்றுக்கணக்கான மில்லிகிராம். 1767-லேயே லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் ஒரு தெருப் பம்பின் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்து, அதிலுள்ள சுண்ணப்பொருளைக் கரைத்து வைத்திருந்தது ஒரு வாயுதான் என்று காட்டிவிட்டார். திடமான கல்லைத் தண்ணீரில் பிடித்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத காற்று என்பது அந்தக் காலத்தில் எப்படி இருந்திருக்கும்!

இப்படிக் கல் கரைந்த தண்ணீரைக் கடினநீர் என்கிறது பாடப்புத்தகம். உப்புத் தண்ணீர் என்கிறது வீடு. வீட்டுக்கு ஆய்வகம் தேவைப்பட்டதில்லை. சோப்பு நுரைக்காது, துவரம் பருப்பு வேகாது. பருப்பின் செல்சுவர்களைப் பிணைக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிவிடுவதால் பருப்பு கல்லாகவே நிற்கிறது. எண்ணில் சொல்வதானால், குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது.

கணக்குக்கு 500 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டர் தொட்டிக்குள் அரை கிலோ கல் கரைந்து கிடக்கிறது. மளிகைக் கடையில் வாங்கும் அரை கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவு. ஆனால் தரையில் தங்குவது எவ்வளவு? தொட்டி வழிந்து ஓடிய பிறகு தரையில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈரம் நிற்கிறது என்றால், ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அது முழுவதும் காய்ந்தால் மிஞ்சுவது அரை கிராம். பரப்பிவிட்டால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. அதையே தினமும் செய்யுங்கள்: ஒரு வருடத்தில் ஒரு தலைமுடியின் தடிமன், ஒன்றரை வருடத்தில் நோட்டுப் புத்தகத் தாளின் தடிமன். அந்தத் தாளளவுக் கல்லைச் சுரண்டி எடுத்து நிறுத்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 270 கிராம். துளித்துளியாக ஒழுகும் குழாயும் சளைத்ததல்ல. விநாடிக்கு ஒரு துளி வீதம் விழுந்தால் நாளுக்கு நான்கு லிட்டருக்கு மேல்; அதற்குள் இரண்டு கிராம் கல்.

அப்படியானால் கறை சீரான பூச்சாக அல்லவா இருக்க வேண்டும்? ஏன் கோலத்தின் ஓரம்போல வளையமாக விழுகிறது? மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடு வெளிறி, விளிம்பு மட்டும் கறுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல தலைமுறைகள் துடைத்துவிட்டுப் போன இந்தக் காட்சியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இராபர்ட் டீகனும் அவரது குழுவினரும் ஆராய்ந்து, 1997-ல் ‘நேச்சர்’ இதழில் விடை எழுதினார்கள். துளியின் ஓரம் தரையின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஓரத்தில்தான் ஆவியாவதும் வேகம். அங்கே குறைந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, சரக்கைச் சுமந்துகொண்டு. அசையாமல் கிடப்பதுபோல் தெரியும் துளிக்குள் ஓயாத போக்குவரத்து! காபித்தூள் மட்டுமல்ல, கரைந்த உப்பும் இந்த வண்டியில் ஏறி ஓரத்தில் போய் இறங்குகிறது. வாசலில் தேங்கிய சிறு குட்டை கொஞ்சம் கொஞ்சமாக வற்றும்போது, நின்ற இடத்திலெல்லாம் ஒரு கரை போட்டுவிட்டுப் போகிறது. அதனால்தான் வளையத்துக்குள் வளையம்.

இதுவரை தண்ணீரை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டோம். தரையையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும்.

சிமென்ட் என்பது என்ன? சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சுட்டு அரைத்த பொடி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ல் போர்ட்லண்ட் சிமென்ட் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். சுடும்போது சுண்ணாம்புக் கல் தன் கார்பன் டை ஆக்சைடை முழுவதும் விட்டுவிடுகிறது. 100 கிலோ கல்லில் 44 கிலோ காற்றாகப் போய்விடும். தமிழ்நாட்டில் சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த அரியலூர்ப் பக்கம் வெட்டும் சுண்ணாம்புக் கல், டைனோசர்கள் நடமாடிய காலத்துக் கடலின் அடித்தளம். அதில் சிப்பிகளும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. ஆக, உங்கள் வாசல் தரை ஒருகாலத்தில் உயிருள்ள ஓடாக இருந்திருக்கலாம்.

பொடியில் தண்ணீர் சேர்ந்ததும் அது காய்ந்து இறுகுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது காய்வதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. தளம் போட்டதும் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அதற்காகத்தான். சிமென்டும் தண்ணீரும் சேர்ந்து நுண்ணிழைகளாக வளர்ந்து ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. பின்னலுக்குள் அளவிட முடியாத சந்துபொந்துகள். இறுகிய சிமென்ட் ஒரு கிராம் எடுத்தால் உள்ளே இருக்கும் பரப்பு 100 சதுர மீட்டருக்கும் மேல். ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றைச் சுண்டுவிரல் நகத்தில் வைத்துக்கொள்ளலாம்! அந்தப் பின்னலோடு கூடவே பிறக்கும் துணைப்பொருள் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. இறுகிய சிமென்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இதுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. 1841-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க், கடினநீரை மென்மையாக்க ஒரு வழிக்குக் காப்புரிமை பெற்றார். தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்றால் என்ன செய்ய வேண்டும்? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட வேண்டும்! போட்ட சுண்ணாம்பு, தண்ணீரில் கல்லைக் கரைத்து வைத்திருந்த வாயுவைப் பறித்துக்கொள்கிறது. வாயுவை இழந்த பைகார்பனேட் கல்லாகிறது. வாயுவைப் பிடித்த சுண்ணாம்பும் கல்லாகிறது. இரண்டும் சேர்ந்து அடியில் படிய, மேலே மென்னீர். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம் பாட்டிகள் சொல்வது இதுதான். இன்றும் பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த முறை இருக்கிறது.

இப்போது வாசலுக்குத் திரும்புங்கள். கடினநீர் வழிந்து பரவும் தரைக்குள் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. கிளார்க் தொட்டியில் செய்ததை உங்கள் தரை தானாகவே செய்கிறது! தண்ணீர் கொண்டுவந்த ஒரு பங்கு கல்லோடு, தரை தன் கையிலிருந்து ஒரு பங்கு போட்டு, இரண்டு பங்காகப் படியவைக்கிறது. புது வீட்டுத் தரை ஏன் அவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. கறையில் பாதி தரையின் சொந்தச் சொத்து.

போதாக்குறைக்கு, பாலுக்கு உறைமோர் வேண்டியிருப்பதுபோலப் படிகத்துக்கும் உறை வேண்டும். ஏற்கெனவே ஒரு கால்சைட் துகள் இருந்துவிட்டால் அதன்மேல் அடுத்த துகள் ஒட்டுவது மிகச் சுலபம். வழவழப்பான கண்ணாடியில் அந்த முதல் துகள் அமையக் கொஞ்சம் சிரமம். சிமென்ட் தரையின் மேல்தோலோ, காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி முன்பே மெல்லிய கால்சைட்டாக மாறியிருக்கிறது. சூளையில் விட்ட மூச்சைத் தரை திரும்ப இழுத்துக்கொள்ளும் இந்த நிகழ்ச்சிக்குக் கார்பனேற்றம் என்று பெயர். உறை ஊற்றித் தயாராக வைத்த பாத்திரம் அது.

மேலிருந்து வரும் கறை இது என்றால், உள்ளிருந்து வரும் கறை இன்னொன்று. சுவர் ஓதம் ஏறி, அடியில் பஞ்சுபோல வெள்ளைப் பூப்பூக்குமே, அது. நிலத்தடி ஈரம் நுண்துளைகள் வழியாக விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, வரும் வழியிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. உப்பு வெளியே வந்து பூத்தால் நல்லது, துடைத்துவிடலாம். துளைக்குள்ளேயே படிகமானால் ஆபத்து. சோடியம் சல்பேட் என்ற உப்பு, தண்ணீர் மூலக்கூறுகள் பத்தைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது மூன்று மடங்குக்கு மேல் பருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படிகங்கள் தள்ளும் தள்ளில்தான் பூச்சு பொரிந்து பொலபொலவென்று உதிர்கிறது. இதில் சிமென்டின் சொந்தச் சுண்ணாம்பும் வெளியே வரும். குளிர்ந்த தண்ணீரில் அது அதிகம் கரையும் என்பதால், மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது சுவர்கள் அதிகம் வெளுப்பதைக் காணலாம்.

மேம்பாலத்தின் இணைப்புகளுக்கு அடியிலோ, ஒழுகும் பால்கனிக்கு அடியிலோ அண்ணாந்து பாருங்கள். மெல்லிய வெள்ளைக் குச்சிகள் தொங்கும். ஆந்திராவில் அரக்குப் பள்ளத்தாக்குப் பக்கத்திலுள்ள போரா குகைகளுக்குக் காசு கொடுத்துப் போய்ப் பார்க்கிற சுண்ணாம்புத் தொங்கல்களின் தம்பிகள் அவை. உருவம் ஒன்று, பிறப்பு தலைகீழ். குகையில் சொட்டும் துளி கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டுக் கல்லாகிறது. கான்கிரீட்டில் சொட்டும் துளி, வெறும் சுண்ணாம்பைச் சுமந்து வந்து, காற்றிலிருந்து அதே வாயுவை உள்ளிழுத்துக் கல்லாகிறது. மூச்சு விட்டு ஒன்று, மூச்சு இழுத்து ஒன்று. லிட்டருக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் சுண்ணாம்பு கரையும் என்பதால் தம்பியின் வளர்ச்சி அசுர வேகம். குகைத் தொங்கல் வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளரும். பாலத்தடிக் குச்சி அதைவிட நூறு மடங்குக்கும் வேகமாக நீளும்.

சரி, எடுப்பது எப்படி? முதலில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கறையைக் கத்தி முனையால் சுரண்டிக் கரண்டியில் எடுங்கள். தரையின்மேலேயே சோதித்தால் தரையும் பொங்கி ஏமாற்றும். பொடியில் சாதாரணத் தண்ணீர் விட்டுக் கரைந்துவிட்டால் அது ஓதத்தின் உப்பு. காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ள வேண்டியதுதான். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள் போய்விடும். கரையாமல், வினிகர் விட்டதும் நுரைத்தால் கால்சைட். இரண்டும் இல்லாமல் கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தால் மணலின் உறவான சிலிக்கா. அதற்கு அமிலம் பயன்படாது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறமாக இருந்தால் இரும்பு, அது வேறு வழக்கு: ஆக்சாலிக் அமிலம் வேண்டும். துருக் கறையில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் அது இன்னும் அழுத்தமாகும்.

கால்சைட்டுக்கு மருந்து அமிலம். அடைபட்ட வாயுவை அது விடுவிக்கிறது; அந்த நுரை கல்லின் மூச்சு. சதுர மீட்டருக்கு 270 கிராம் என்று சொன்னேனே, அந்தத் தாளளவுப் படலத்துக்குள் எவ்வளவு வாயு சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது தெரியுமா? சுமார் 65 லிட்டர். இருபது லிட்டர் தண்ணீர் கேன் மூன்றில் நிரப்பினாலும் மிச்சமிருக்கும்.

அதை முழுவதும் விடுவிக்க, கடையில் விற்கும் 5 சதவீத வினிகர் ஆறரை லிட்டர் வேண்டும். கழிவறைக்கு வாங்கும் காட்டமான ஹைட்ரோகுளோரிக் ஆசிட் என்றால் அரை லிட்டரே போதும். ஆசை எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அமிலத்துக்குக் கறை எது, தரை எது என்று தெரியாது. இரண்டும் ஒரே சுண்ணாம்பு. காட்டமான ஆசிட் கறையைத் தின்றுவிட்டுப் பசி அடங்காமல் சிமென்டைத் தின்னும். மேல்தோல் போய் மணல் பல்லிளிக்கும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த கறை இன்னும் வசதியாக உட்காரும். மிஞ்சும் கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தரையை எப்போதும் கசிவாக வைத்திருக்கும். அதன் குளோரைடு உள்ளே இறங்கினால் கம்பிக்குத் துரு. என் கட்சி வினிகர்தான். மெதுவாக வேலை செய்வது இங்கே குறையல்ல, நடுவில் நிறுத்த நேரம் கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்று உண்டு, அதற்குக் காசே ஆகாது. அமிலம் ஊற்றும் முன் தரையை நல்ல தண்ணீரால் தாராளமாக நனைத்து, தேங்கியதை வைப்பரால் தள்ளிவிடுங்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்தவன் பந்தியில் என்ன சாப்பிடுவான்? நுண்துளைகள் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் அமிலம் உள்ளே இறங்க இடமில்லை. மேலே நின்று கறையோடு மட்டும் சண்டை போடும். சமபங்கு தண்ணீர் கலந்த வினிகரை ஊற்றி, நுரை அடங்கும்வரை சில நிமிடம் விட்டு, தேய்த்து, கழுவி, வைப்பரால் தள்ளிக் காயவிட வேண்டும். காய்ந்த பிறகு பார்த்து, வேண்டுமானால் மறுபடி. கறை ஒரே தடவையில் போகவில்லை என்று அடுத்த தடவை ஆசிட்டை எடுப்பவர்கள்தான் தரையைக் கெடுக்கிறார்கள். கடைசி அலசலில் கொஞ்சம் ஆப்பசோடா கரைத்தால் மிஞ்சிய அமிலம் அடங்கும். எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலமும் நல்லதுதான். காட்டமாகப் போட்டுக் காயவிட்டால் கால்சியம் சிட்ரேட் என்று அதுவே ஒரு வெள்ளைப் படலம் போடும். பித்தளையைத் துலக்கும் புளிக்கும் அதே குணம், கூடவே பழுப்புக் கறை.

இரண்டு எச்சரிக்கை. கடப்பாக் கல்லும் பளிங்கும் மொசைக் தரையின் சில்லுகளும் சுண்ணாம்புக் கல் குடும்பமே. அவற்றில் எந்த அமிலமும் வேண்டாம். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் தூவிய தரையில் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயை அரிக்கும் விஷம் அது. ஒன்றுக்கு அடுத்த நாள் மற்றொன்று என்றாலும், நடுவில் தாராளமாகக் கழுவியிருக்க வேண்டும்.

தடுப்பதில் முதல் வேலை தொட்டி வழியாமல் பார்த்துக்கொள்வது. தொட்டியில் மிதவை வால்வு, மோட்டாருக்குத் தானியங்கி நிறுத்தி, தரைக்குக் கொஞ்சம் வாட்டம், கையில் ஒரு வைப்பர். காயும் முன் தள்ளிவிட்ட தண்ணீர் கல்லைத் தன்னோடு எடுத்துப் போய்விடும். சித்திரை வெயிலில் சுடும் தரையில் தண்ணீர் விழுந்தால் சோதனைக் குழாயைச் சூடாக்கிய கதைதான். வாசல் தெளிப்பவர்கள் விடியலில் தெளித்து உடனே பெருக்குவது வேதியியலுக்கும் பொருந்துகிறது.

அடுத்தது, தரையைத் தண்ணீர் ஒட்டாததாக ஆக்குவது. தாமரை இலைத் தண்ணீரை உவமையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் பழையது. அதன் காரணத்தை ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோப் நைன்ஹுயிஸும், காபி வளையத்துக்கு விடை கிடைத்த அதே 1997-ல் விளக்கமாக வெளியிட்டார்கள்: இலைமேல் மெழுகு பூசிய நுண்ணிய மேடுகள், துளி அவற்றின் நுனியில் நின்று காற்றுமெத்தையில் உருளுகிறது. கான்கிரீட்டுக்கு இதன் ஒன்றுவிட்ட உறவு சிலேன், சிலாக்சேன் எனப்படும் பூச்சுகள். மூலக்கூறின் ஒரு முனை சிமென்டின் சிலிக்கேட்டைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை தண்ணீரை வெறுக்கும். இவை துளையை அடைப்பதில்லை. துளையின் சுவருக்கு உள்ளிருந்து பூச்சு பூசிவிட்டு வாசலைத் திறந்தே வைக்கின்றன. தண்ணீர் உள்ளே நுழைய முடியாது, ஆவி வெளியே போகலாம். மேலே பளபளவென்று தோல்போல நிற்கும் அக்ரிலிக் பூச்சு அப்படியல்ல; கீழிருந்து வரும் ஈரம் மாட்டிக்கொண்டு தோல் உரிந்துவிடும். சிலேன் பூசிய தரையிலும் துளி நின்று காய்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும். ஆனால் வேர்விடாத புள்ளி, தேய்த்தால் வந்துவிடும்.

உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரைக்குப் பதில் வாளியில் வழுவழுவென்று ஒரு ஆடை படிகிறதே, அதைத் திட்டாதவர் யார்? சோப்பின் கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்த கால்சியம் ஸ்டியரேட் அது. தண்ணீர் அதில் ஒட்டவே ஒட்டாது. இதே பொருளைத்தான் சிமென்டில் கலக்கும் நீர்காப்புப் பொடிகளில் சேர்க்கிறார்கள்! மொராக்கோ கொத்தர்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பைத் தேய்த்துக் கல்லால் மெருகிடும்போது உண்டாவதும் இந்த ஆடைதான். குளியல் தொட்டிக்கே அந்தப் பூச்சு தாங்குகிறது.

தண்ணீரையே மாற்றும் கருவிகளும் உண்டு. சாஃப்ட்னர் பெட்டிக்குள் கடுகைவிடச் சிறிய பிசின் மணிகள் சோடியத்தை ஏந்திக் காத்திருக்கும். ஒரு கால்சியம் வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். அயனிப் பரிமாற்றம் என்ற பண்டமாற்று. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் கழுவினால் பழையபடி தயார். உப்பு அளவு தண்ணீரில் குறைவதில்லை, ஆள்தான் மாறுகிறது. காய்ந்தால் புள்ளி விழும், ஆனால் அது சோடியப் புள்ளி. தண்ணீர் பட்டால் கரையும். செடிக்கு அந்தத் தண்ணீர் ஆகாது.

வாசலுக்கு மட்டும் என்றால் இவ்வளவு செலவு தேவையில்லை. 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மாடியிலிருந்து இறங்கும் குழாய் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதில் ஒரு பீப்பாய் நிறையப் பிடித்து வைத்தால் கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. கல் கரைந்திராத தண்ணீர். கொஞ்சம் புளிப்பும் உண்டு, கல்லைக் கரைக்கும் பசியும் உண்டு.

அந்தப் பசியைப் பார்க்க வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்த பிறகு, பாதி போர்ட்டிகோவுக்கு உள்ளேயும் பாதி வானத்துக்குக் கீழேயும் கிடக்கும் ஏதாவதொரு பழைய சிமென்ட் வாசலைப் பாருங்கள். கூரை மறைத்த பாதியில் வெள்ளை வளையங்கள் அழுத்தமாக இருக்கும். மழை விழுந்த பாதியில் அதே வளையங்களின் மீதி, யாரோ பாதி அழித்துவிட்டுப் போன கோலம்போல மங்கிக் கிடக்கும். நடுவே, கூரையின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே, நூல் பிடித்ததுபோல ஒரு கோடு.